உலகறிவும் ஊரறிவும்



அயல்நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் உலக நிலவரத்தைப் பற்றியும் நம் அரசியல்வாதிகள் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்? பழைய கேள்விதான். விடை தேடிப் பெரிய தலைநகரங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஊவா மாகாணத்திலே, கொஸ்லந்தைக்கு அருகே மலைச்சரிவில் அமைந்த மீரியபெத்த என்னும் தேயிலைத் தோட்டத்தை எண்ணிப் பார்த்தால் போதும்.

இத்தகைய தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களின் தலைவிதியை இரு நாட்டுத் தலைவர்களின் உறவே பெரிதும் நிர்ணயித்தது. 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி பெற்ற இந்தியர் வேலைநீக்கம் செய்யப்படுவதைக் குறித்துப் பேசுவதே அவர் வருகையின் நோக்கம். அந்த வருகையின்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அது சில இடங்களைப் பெற்றது. மறு ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டமோ தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

இதைத் தீர்க்க முயன்றவர்கள் உலகம் அறியாதவர்களல்லர். 1954 ஜனவரியில் நேருவுடன் ஒப்பந்தம் செய்த சேர் ஜோன் கொத்தலாவலை, மறு ஆண்டு பாண்டுங் மாநாட்டிலும் அவருடன் அமர்ந்தார். இந்திய சீனப் போரை அடுத்து, 1962 டிசம்பரில் அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பில் கூட்டிச் சமரசம் பேசினார் சிறிமாவோ பண்டாரநாயக்க.

1964 மே மாதம் நேரு மறைந்தார். அவருக்குப்பின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் உடன்படிக்கை செய்தனர். மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம்; இலங்கைக்கு 3 இலட்சம். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

கணக்கு நேர்த்தியானதே. ஆயின் தொகை முதலில் எழுதப்பட்டது. மக்களின் விருப்பம் பின்னரே கேட்கப்பட்டது. இலங்கையிலேயே வாழ விரும்பியோர் ஒதுக்கப்பட்ட 3 இலட்சத்தைக் கடந்து நின்றனர். அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தம்பி லயத்திலேயே தங்கினான். இப்படிப் பிரிந்த குடும்பங்கள் பல. நாடற்றோராக எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிகாட்டிற்று.

2014 அக்டோபர் 29. உடன்படிக்கையின் ஐம்பதாண்டு நிறைவுக்கு ஒரு நாளே இருந்தது. அன்று காலை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மண்ணுள் புதைத்தது. உயிர்கள் பல மாண்டன. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் லயங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

நேயர்களே, பீக்கிங்கின் மனத்தையும் டில்லியின் மனத்தையும் அறிவது தலைவர்க்கு அழகுதான். அந்த அறிவு யாருக்காகப் பயன்படுகிறதோ, அவர்களுடைய லயத்து வாசலுக்கும் ஒருமுறை சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்ட பின்னரே கையொப்பமிடுவது அதனினும் அழகு. மீரியபெத்த மக்கள் தங்கள் தலைவர்களிடம் எதிர்பார்த்ததும் அவ்வளவே.