பஞ்சும் சாட்டையும்

பருத்தியிலிருந்து கொட்டையைப் பிய்த்து எடுக்க வேண்டும். விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் ஒரு ஆள் உட்கார்ந்து இதையே செய்தால் எவ்வளவு பஞ்சு தேறும்? வெறும் அரை கிலோ!

1790 வாக்கில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதுதான் நிலைமை. கடலோரத்தில் விளைந்த நீள இழைப் பருத்தியில் பிரச்னை இல்லை. கொட்டை வழவழவென்று இருக்கும். இந்தியாவில் காலம்காலமாகச் செய்துவந்ததுபோல் இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் போதும், பிரிந்துவிடும். ஆனால் உள்நாட்டு மண்ணில் விளைந்ததோ குட்டை இழைப் பருத்தி. கொட்டை பசை போட்டு ஒட்டிய மாதிரி பஞ்சை விடவே விடாது. விரல் நகம்தான் கதி.

இன்னொரு பக்கம், புகையிலை போட்டுப் போட்டே வர்ஜீனியாவின் மண் சத்தில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வடக்கே பென்சில்வேனியா 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்டுவிட்டது. அடிமைகளை வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது, இந்த வழக்கம் தானாகவே மெல்ல ஒழிந்துவிடும் என்று நம்பியவர்கள் அப்போது நிறையப் பேர்.

அந்த நேரம் பார்த்துத்தான் எலி விட்னி தெற்கே வந்து சேர்ந்தார். யேல் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர். வாத்தியார் வேலைக்கு வந்தவர். அது சரிப்பட்டு வரவில்லை. ஜார்ஜியாவில், சவான்னா பக்கத்தில் கேதரின் கிரீன் என்ற அம்மாளின் பண்ணையில் தங்கினார். அங்கே வந்து போகிற பண்ணையார்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல், இந்தக் கொட்டையைப் பற்றித்தான். கை வேலையில் கெட்டிக்காரரான விட்னி, 1793-ல் ஒரு பெட்டியைச் செய்து முடித்தார்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு மர உருளை, அதில் வரிசையாகக் கம்பிப் பற்கள். எதிரே சீப்பு மாதிரி சன்னமான இடைவெளிகள். கைப்பிடியைச் சுற்றினால் பற்கள் பஞ்சை மட்டும் இடைவெளி வழியே இழுத்துக்கொள்ளும். கொட்டை நுழைய முடியாமல் இந்தப் பக்கமே விழுந்துவிடும். பல்லில் ஒட்டிய பஞ்சை ஒரு பிரஷ் துடைத்து எடுத்துவிடும். ஒரு நாளைக்கு 50 பவுண்டு, அதாவது சுமார் 22 கிலோ! 'என்ஜின்' என்ற சொல்லின் வாலைப் பிடித்து 'ஜின்' என்று கூப்பிட்டார்கள். நம் ஊர் ஜின்னிங் ஃபாக்டரிக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

ஐம்பது பேர் வேலையை ஒரு பெட்டி செய்கிறது. அப்படியானால் அடிமைகளின் பாடு குறைந்திருக்க வேண்டுமல்லவா?

அதுதான் இல்லை. கொட்டை நீக்குவது மட்டும்தான் சுலபமானது. உழுவது, விதைப்பது, களை எடுப்பது, செடி செடியாகக் குனிந்து பருத்தி எடுப்பது எல்லாம் கைவேலைதான். முன்பு, எவ்வளவு விளைந்தாலும் கொட்டை நீக்க முடியாது என்று ஒரு தடை இருந்தது. இப்போது அந்தத் தடை போச்சு. மெஷினுக்குத் தீனி போட எத்தனை ஆயிரம் ஏக்கர் பயிரிட்டாலும் லாபம். அத்தனைக்கும் ஆள்? வாங்கினார்கள்.

1790-ல் சுமார் 3 ஆயிரம் பேல் பஞ்சு. 1860-ல் சுமார் 40 லட்சம் பேல். அதே எழுபது வருடத்தில் அடிமைகளின் எண்ணிக்கை சுமார் 7 லட்சத்திலிருந்து 39 லட்சத்தைத் தாண்டியது.

இத்தனைக்கும் 1808-லேயே வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை வந்துவிட்டது. அதனால் உள்நாட்டு வியாபாரம் சூடு பிடித்தது. வர்ஜீனியா, மேரிலாண்டு முதலாளிகளுக்கு வயலில் வராத லாபம் மனிதர்களை விற்பதில் வந்தது. அலபாமா, மிசிசிப்பி, லூசியானா என்று பருத்தி பூமிக்குச் சுமார் 10 லட்சம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். பாதிப் பேர் சங்கிலியில் கட்டி நடத்தியே கொண்டுபோகப்பட்டார்களோ என்று எண்ணும் அளவுக்கு அந்த ஊர்வலங்கள் சகஜம். அம்மா ஒரு பண்ணைக்கு, பிள்ளை இன்னொரு பண்ணைக்கு.

அங்கே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சாலமன் நார்த்தப், சுதந்திரமான கறுப்பர். 1841-ல் கடத்தி விற்கப்பட்டு, லூசியானாவில் சிக்கிக்கொண்டு, பன்னிரண்டு வருடம் கழித்து மீண்டவர். 1853-ல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதினார். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 200 பவுண்டு பருத்தி எடுத்தாக வேண்டும். இருட்டியதும் கூடையைச் சுமந்துகொண்டு போய் எடை போட வேண்டும். குறைந்தால் சாட்டையடி. கூடினால்? நாளையிலிருந்து அதுவே கணக்கு! எடை போட்ட இடம் எது தெரியுமா? ஜின் மெஷின் இருந்த கொட்டகை.

விட்னி இதில் கோடீஸ்வரர் ஆனாரா என்றால், இல்லை. 1794-ல் காப்புரிமை வாங்கினார். சுத்தம் செய்த பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கு கூலி கேட்டார். பண்ணையார்கள் உள்ளூர்க் கொல்லரிடம் அதே பெட்டியைச் செய்துகொண்டார்கள். வழக்கு வழக்கு என்று அலைந்தே வருடங்கள் ஓடிவிட்டன. வெறுத்துப்போய் 1798-ல் அரசாங்கத்துக்குப் பத்தாயிரம் துப்பாக்கி செய்துதரும் கான்ட்ராக்டுக்குப் போனார்.

ஆனால் பழி முழுவதையும் இந்த மனிதர் தலையில் கட்டிவிட முடியாது. பஞ்சை விழுங்க மான்செஸ்டர் ஆலைகள் காத்திருந்தன. கடன் கொடுக்க நியூயார்க் இருந்தது. 1830-ல் ஒரு சட்டம் போட்டு, செவ்விந்தியர்களைத் துரத்திவிட்டு நிலத்தைப் பிடுங்கியது அரசாங்கம். பருத்தியைக் கூலி கொடுத்தும் எடுக்க வைக்கலாம். அடிமைதான் வேண்டும் என்று மெஷின் கேட்கவில்லை. முடிவு செய்தது மனிதர்கள்.

1860-ல் அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பஞ்சு. உலகில் யாரும் எங்களை எதிர்க்கத் துணியமாட்டார்கள், பருத்தியே ராஜா என்று தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹேமண்ட் 1858-ல் செனட்டிலேயே மார் தட்டினார். மூன்றே வருடம். உள்நாட்டுப் போர் மூண்டது. ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் செத்து, 1865-ல்தான் அடிமை முறை ஒழிந்தது.

அப்புறமும் பருத்தி எடுத்தவை அதே கைகள்தான். நிலம் முதலாளியுடையது, உழைப்பு இவர்களுடையது, வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிச்சம். மிசிசிப்பியில் ஒரு பண்ணையில் விதைப்பிலிருந்து அறுவடை வரை முழுக்க மெஷினே செய்து முடித்தது 1944-ல்தான். பருத்தி எடுக்கிற மெஷின் செய்வது கஷ்டம் என்பது உண்மை. ஆள் மலிவாகக் கிடைத்த வரைக்கும் யாருக்கும் அவசரமில்லை என்பதும் உண்மை.