மாநாட்டு ஆய்வுச் சுருக்கங்களின் தர மதிப்பீடு

மருத்துவ மாநாடுகளில் வாசிக்கப்படும் அல்லது போஸ்டராக வைக்கப்படும் ஆய்வு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று கணிக்கும் முறை இது. இலங்கையில் இத்தகைய ஆய்வுகளுக்கான முதன்மை மேடைகளில் ஒன்று, இலங்கை மருத்துவச் சங்கத்தின் ஆண்டு அமர்வு. 1887இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் கிளையாகத் தொடங்கிய அமைப்பு அது.

தெரிவாளர்கள் பெரும்பாலும் ஆய்வாளர் பெயரை மறைத்துவிட்டு, சில நூறு சொற்களிலான சுருக்கத்துக்குப் புள்ளி இடுவார்கள். முழுத் தரவும் அவர்கள் கைக்கு வராது. அதனால் ஒரு சுருக்கம் தெரிவானதையே அதன் தரத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

மாளிகாவத்தையிலுள்ள தேசிய சிறுநீரக நிறுவகம் போன்ற ஓரிடத்தில், டயலிசிஸ் பெறும் 60 பேருக்கு ஒரு மருந்து கொடுத்ததில் ஹீமோகுளோபின் கூடியதாக ஒரு சுருக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவில் 41 பேரின் கணக்கே இருக்கிறது. மற்ற 19 பேர் இறந்தார்களா, மாற்றுச் சிறுநீரகம் பெற்றார்களா, மருந்து ஒவ்வாமல் விலகினார்களா? எஞ்சியோரில் எத்தனை பேருக்கு இடையில் இரத்தம் ஏற்றப்பட்டது? ஏற்றிய இரத்தமும் ஹீமோகுளோபினைக் கூட்டும். ஒப்பீட்டுக் குழு இல்லையென்றால் மருந்தின் பலனைப் பிரித்தறிய வழியே இல்லை.

இத்தகைய விடுபடல்களைத் தடுக்கவே, சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளின் சுருக்கங்களுக்கான கான்சார்ட் வழிகாட்டி 2008இல் வந்தது. இலங்கையின் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2006 முதல் இயங்குகிறது. தொடக்கத்தில் பதிந்த அளவீடும் மேடையில் சொல்லப்பட்ட அளவீடும் ஒன்றுதானா என்று அதில் பார்க்கலாம். சுருக்கத்தை மதிப்பிடும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வின்படி, முழுக் கட்டுரையாக வெளிவந்தவை ஏறத்தாழ 37 வீதம். சாதகமான முடிவு காட்டியவையே கூடுதலாக வெளிவந்தன. மருந்து பலிக்கவில்லை என்ற செய்தி இப்படித்தான் மருத்துவர்களை எட்டாமலே போகிறது.

முதிராத கூற்று முடிவாகப் பரவுவது மாநாட்டு மேடையோடு நிற்பதில்லை. வடமத்திய மாகாணத்தின் காரணமறியாச் சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் காரணமாக முன்வைத்த 2014ஆம் ஆண்டு ஆய்விதழ்க் கட்டுரை ஒரு கருதுகோள் மட்டுமே. மறு ஆண்டே நாடளாவிய தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. நோயின் காரணம் குறித்து ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.