காசும் காற்றும்

கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலிப்பவர்களிடம் வாங்கித்தான் நான் காசு சேர்க்கத் தொடங்கினேன். ஒரு காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த செப்புக் காசும் ஈயக் காசும் பாத்திரக் கடைக்கு எடைக்குப் போய் உருகிவிடும். இன்று அவை சேகரிப்பாளர் வீட்டுக்கு வருகின்றன. ஆனால் ஆற்றில் நூற்றாண்டுக் கணக்காகக் கிடந்தும் தப்பிய எழுத்து, வீட்டு அலமாரியில் சில ஆண்டுகளிலேயே மறைந்துபோவதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

நம் முன்னோருக்குத் திருடன்தான் கவலை. கலயத்தில் போட்டு மண்ணுக்குள் இறக்கினால் முடிந்தது. பொன்னுக்கு அது போதும். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மீதுள்ள உளி வெட்டு, புதைப்பதற்கு முன்பே மனிதர் போட்டது. மண் பொன்னைத் தொடவில்லை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் பூமிக்கடியில் அகப்பட்ட பித்தளைப் பாத்திரத்திலும் 505 பொற்காசுகள் இருந்தன. செம்பும் ஈயமும் அப்படியல்ல. முந்தியிலும் சுருக்குப்பையிலும் கல்லாப்பெட்டியிலும் புழங்கி, கைமாறி, தேய்ந்து போவதற்கென்றே பிறந்தவை அவை. அவற்றை வைத்துக் காப்பாற்றும் முறை நம் மரபில் உருவாகவில்லை.

அந்த முறை ஐரோப்பியச் சேகரிப்பாளர்களோடு வந்தது. ஆழமில்லாத தட்டுகள் அடுக்கிய மர அலமாரி. தட்டில் வட்டக் குழிகள். குழிக்கு ஒரு காசு. காசுக்கு அடியில், அது எங்கே கிடைத்தது என்று எழுதிய வட்டத் தாள். அந்தத் தாளை நான் பெரிதும் மதிக்கிறேன். கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. அலமாரிக்கு அவர்கள் மகோகனி மரத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை விடும். மூடிய அறைக்குள் அது ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும். சாதவாகனரின் ஈயக் காசுகளை வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. நம் தேக்கும் அமிலம் விடாத மரமல்ல.

பிறகு பிளாஸ்டிக் ஆல்பம் வந்தது. மரத்தை விடப் பெரிய கேடு அதுதான் என்பேன். வளையும் பி.வி.சி. உறையில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் காலப்போக்கில் கசிந்து பிசுபிசுக்கும். சிதையும் உறை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் விடும். செம்பிலும் வெள்ளியிலும் பச்சைப் பசை படிந்து, அடியில் உலோகம் குழிந்துவிடும். உறையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, உறையில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அந்த உறை காசுக்கு ஆகாது. பாலியெஸ்டர் உறைக்கு இந்தக் குற்றம் இல்லை.

நாளிதழில் பொதிவதும் ரப்பர் பாண்டு போடுவதும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். இரண்டிலும் கந்தகம் உண்டு. புளி போட்டுத் தேய்ப்பது இன்னும் கொடுமை. பெருவழுதி என்ற பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் செப்புக் காசை 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்தார். அந்தச் சின்னஞ்சிறு தமிழ் பிராமி எழுத்துகளை, அதற்கு முன் யாராவது குத்துவிளக்கைப் போலப் பளபளக்கத் தேய்த்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? நினைக்கவே பதறுகிறது.

இப்போது நான் இருப்பது திருவல்லிக்கேணி, கடற்கரைப் பக்கம். கரூரின் வறண்ட காற்று இங்கே இல்லை. உப்பேறிய செம்பு ஈரத்தில் வெளிர்ப்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும். அது சாதாரணக் களிம்பல்ல. உலோகத்தையே தின்னும் நோய். எனவே காசு வைக்க எந்தப் பெட்டி வாங்கலாம் என்று யோசனை கேட்டு வருபவரிடம் பூட்டைப் பற்றி நான் கேட்பதில்லை. எந்த உலோகத்துக்கு என்றுதான் கேட்கிறேன். ஈயக் காசுக்கு மரமே வேண்டாம், அட்டையும் வேண்டாம். செம்புக்கு இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஜெல்லைக் காயவைத்துவிட வேண்டும். எதில் வைத்தாலும் கிடைத்த ஊரை எழுதிய அமிலமற்ற தாள் ஒன்று காசோடு இருக்கட்டும்.