இயந்திரத்தின் அபஸ்வரம்

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு 1951-ல் வந்த ஃபெரான்டி மார்க் 1 கம்ப்யூட்டரில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. சங்கீதத்துக்காக அல்ல, வேலை முடிந்தது, கணக்கில் பிழை என்று ஆளைக் கூப்பிட. எங்கள் கிளையில் நோட்டு எண்ணும் இயந்திரம் போடும் கூச்சலுக்கும் இதற்கும் நோக்கத்தில் வித்தியாசமில்லை.

அதற்கான கட்டளைக்கு ‘ஹூட்’ என்று பெயர். ஒரு தடவை இட்டால் சொடக்குப் போட்டதுபோல் ஒரு சப்தம், அவ்வளவுதான். இயந்திரத்தின் கடிகாரம் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் துடிக்கும். நான்கு துடிப்புக்கு ஒரு சொடக்கு என்று விடாமல் போட்டால் காது சொடக்குகளை மறந்து ஒரு ஸ்வரத்தைக் கேட்கும். ஐந்துக்கு ஒன்று என்றால் அதைவிடத் தாழ்ந்த ஸ்வரம். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கினால் இடைப்பட்ட ஒன்று. எல்லாம் முழு எண்களின் அடுக்கு. ஆகவே சில இடங்களில் சுருதி பக்கத்தில் வந்து நிற்குமே தவிர, சேராது.

இதை இயந்திரத்தின் கையேட்டில் எழுதிவைத்த ஆலன் டூரிங்குக்குப் பாட்டில் நாட்டமில்லை. கையேட்டைப் படித்த ஹாரோ பள்ளி ஆசிரியர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சிக்குப் பியானோ தெரியும். ஒரு இரவு முழுக்கத் தன் நீண்ட நிரலோடு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். காலையில் நிரல் ஓடி முடிந்தபோது இயந்திரம் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை ஒலித்தது.

அதே ஆண்டு பி.பி.சி. வந்து தேசிய கீதம், ஒரு குழந்தைப் பாட்டு, கிளென் மில்லரால் பிரபலமான ‘இன் தி மூட்’ மூன்றையும் தட்டில் பதிந்துகொண்டது. (சிட்னியில் ஒரு கம்ப்யூட்டர் இதற்கு முன்பே வாசித்துவிட்டது, ஒலிப்பதிவு இல்லை. யார் முதல் என்ற சண்டையில் எனக்கு ருசியில்லை.)

2016-ல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஜாக் கோப்லண்டும் ஜேசன் லாங்கும் அந்தப் பதிவை அளந்து பார்த்தார்கள். இயந்திரத்தால் எழுப்பவே முடியாத ஸ்வரங்கள் அதில் இருந்தன! தட்டு வெட்டப்பட்டபோது சுழல்மேசையின் வேகம் பிசகியிருக்கிறது. எழுப்பக்கூடிய ஸ்வரங்கள் இன்னின்னவை என்பது கணக்கில் நிச்சயம் என்பதால், அதைக் கொண்டே சரியான வேகத்தை மீட்டார்கள்.

இங்கேதான் எனக்கு அக்கறை. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கிறவனுக்கு இருக்கும் அதே சங்கடம் இது. ஏடெழுதியவன் பிழையை நீக்க வேண்டும். கவிஞனின் கரடுமுரடைத் தொடக்கூடாது. நம் பதிப்பாசிரியர்கள் பலர் இரண்டாவதையும் சீர்செய்து, யாப்பு தட்டாமல் நம்மிடம் தந்திருக்கிறார்கள். இவர்கள் தட்டின் பிசகை மட்டும் திருத்தினார்கள், இரைச்சலைக் குறைத்தார்கள். சேராத சுருதியை அப்படியே விட்டார்கள். அந்த அபஸ்வரம் போயிருந்தால் அது எந்தக் கருவியின் குரலாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பாட்டில் இயந்திரம் தடுமாறி நின்றுவிடுகிறது. ஒரு பெண் சிரிக்கிறாள். இயந்திரத்துக்கு இப்போது மனநிலை சரியில்லை போலிருக்கிறது என்று பாட்டின் பெயரை வைத்தே யாரோ கேலி செய்கிறார்கள். அதையும் வெட்டவில்லை.