ஸ்பெயின் ஊழியர்கள் கட்டும் ‘பாலம்’

ஸ்பானிய மொழியில் ‘புவெந்தே’ என்றால் பாலம். பொது விடுமுறைக்கும் வார இறுதிக்கும் இடையே மாட்டிக்கொண்ட வேலைநாளில் விடுப்பு எடுத்து ஓய்வை நீட்டிக்கொள்வதற்கும் ஸ்பெயினில் இதே பெயர்தான். வியாழக்கிழமை பொது விடுமுறை என்றால், வெள்ளிக்கிழமை விடுப்பு எடுப்பவருக்கு நான்கு நாள் ஓய்வு கிடைக்கும். ஆனால், அந்த வெள்ளிக்கிழமையை அரசாங்கம் தருவதில்லை.

14 நாள் கணக்கு

சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறை ஆண்டுக்கு 14 நாளைத் தாண்டக்கூடாது என்கிறது ஸ்பெயின் தொழிலாளர் சட்டத்தின் 37வது பிரிவு. அவற்றுள் இரண்டு நாள் அந்தந்த ஊருக்கு உரியவை. புத்தாண்டு, மே 1 தொழிலாளர் தினம், அக்டோபர் 12 தேசிய தினம், கிறிஸ்துமஸ் ஆகிய நான்கும் நாடு முழுவதற்கும் கட்டாயம். மற்றவற்றில் சிலவற்றை 17 தன்னாட்சி வட்டாரங்களும் தங்கள் மரபுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அதனால் ஊருக்கு ஊர் நாள்காட்டி வேறுபடும். மட்ரிட் நகரம் மே 15ஆம் தேதி சான் இசித்ரோ திருநாளைக் கொண்டாடுகிறது. பார்சிலோனாவுக்கு செப்டம்பர் 24. ஓர் ஊரில் குடியிருந்து மற்றோர் ஊரில் வேலை செய்பவருக்குப் பொதுவாக வேலையிடத்தின் நாள்காட்டியே பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமையில் வரும் தேசிய விடுமுறையைத் திங்களுக்கு மாற்றச் சட்டத்தில் வழி உண்டு. சனிக்கிழமையில் வருவதற்கு அத்தகைய விதி இல்லை.

டிசம்பர் பாலம்

டிசம்பர் 6 அரசமைப்பு தினம். 1978ல் அதே நாளில்தான் பொது வாக்கெடுப்பில் மக்கள் புதிய அரசமைப்பை ஏற்றனர். டிசம்பர் 8 மரியன்னையின் அமல உற்பவத் திருநாள். 2022ல் இவை செவ்வாய், வியாழக்கிழமைகளில் வந்தன. திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாள் விடுப்பு எடுத்தவருக்குத் தொடர்ந்து ஒன்பது நாள் ஓய்வு. இத்தகைய நெடும்பாலத்தை ‘அக்குவெதுக்தோ’, அதாவது பல வளைவுகள் கொண்ட கால்வாய்ப் பாலம் என்று வேடிக்கையாக அழைக்கின்றனர்.

வாரத்தின் நடுவே வேலை அறுபடுவதால் உற்பத்தி பாதிக்கப்படுகிறது என்பது முதலாளிகள் தரப்பின் குறை. ஆழ வேரூன்றிய திருநாள்கள் நீங்கலாக மற்ற விடுமுறைகளை அருகிலுள்ள திங்களுக்கு மாற்றப்போவதாக 2011 டிசம்பரில் மரியானோ ரஹோய் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆயினும், டிசம்பர் 6, 8 இரண்டும் இன்றும் அதே தேதிகளில்தான் இருக்கின்றன. நீண்ட ஓய்வில் மக்கள் பயணம் செய்வதால் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் வருமானம் கூடுகிறது என்பது மறுதரப்பு வாதம்.

பாலத்துக்கு யார் விலை கொடுக்கிறார்?

பெரும்பாலும் ஊழியரேதான். சட்டப்படி குறைந்தது 30 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. வார இறுதிகளும் அந்தக் கணக்கில் சேரும். இடைப்பட்ட நாளுக்கான விடுப்பு பொதுவாக அதிலிருந்தே கழிகிறது. நிறுவனத்தின் சம்மதமும் தேவை. கூட்டு ஒப்பந்தத்தில் அந்த நாளைத் தனி ஓய்வாகப் பெற்றுள்ள ஊழியர்களுக்கு மட்டும் கழிவு இல்லை.

மற்றவர்கள் பாலம் கடந்து சுற்றுலா செல்லும் நாள்களில், ஹோட்டல் பணியாளருக்கும் பரிமாறுபவருக்கும் வேலை இரட்டிப்பாகிறது. பொது விடுமுறையில் பணியாற்றியவருக்கு மாற்று ஓய்வு தரவேண்டும். இல்லையேல், அந்த நேரத்துக்கான சம்பளத்துடன் குறைந்தது 75 விழுக்காடு கூடுதலாக வழங்கவேண்டும் என்கிறது விதிமுறை. அவர்களின் ஓய்வு, கூட்டம் கலைந்த பிறகே வருகிறது.