மறந்துபோன முதல்மொழி: டிச்போர்ன் குடும்பத்தின் வாரிசு வழக்கு

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பல நூற்றாண்டுகள் நிலவுடைமையாளராக விளங்கியது டிச்போர்ன் குடும்பம். 1621-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அக்குடும்பத்துக்குப் பாரனெட் பட்டம் வழங்கினார். 'சர்' என்னும் அடைமொழியையும் தரும் இப்பட்டம் ஆண்வழியில் மட்டுமே இறங்கும். எனவே வாரிசு யார் என்ற வினாவே அக்குடும்பத்தின் இருப்பைத் தீர்மானித்தது.

1854-இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து புறப்பட்ட 'பெல்லா' கப்பல் கடலில் மறைந்தது. அதில் பயணம் செய்தவர் பட்டத்துக்குரிய ரோஜர் டிச்போர்ன். மகன் இறந்ததை ஏற்காத தாய் ஹென்றியெட் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தார். ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊரில் தாமஸ் காஸ்ட்ரோ என்ற பெயரில் வாழ்ந்த இறைச்சிக் கடைக்காரர் ஒருவர், தாமே ரோஜர் என்றார். 1867-இல் பாரிஸில் அவரைக் கண்ட தாய், மகனாகவே ஏற்றுக்கொண்டார். ஆனால் பட்டமும் சொத்தும் ரோஜரின் தம்பி ஆல்ஃபிரடின் குழந்தைக்கு ஏற்கெனவே சேர்ந்திருந்தன. அக்குழந்தை 1866-இல் தந்தை இறந்த பின்னர்ப் பிறந்தது.

இவ்வழக்கில் மொழியும் ஒரு சாட்சியாயிற்று. 1829-இல் பாரிஸில் பிறந்த ரோஜர் பதினாறு வயது வரை பிரான்சில் வளர்ந்தவர். ஆங்கிலத்தையும் பிரெஞ்சு ஒலிப்புடனேயே பேசியவர். உரிமை கோரியவருக்கோ பிரெஞ்சு தெரியவில்லை. காலப்போக்கில் மறந்துவிட்டது என்பது அவர் தரப்பு விளக்கம். பயன்பாடின்றிச் சொற்கள் நழுவுவது இயல்பே. ஆயினும் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த மொழி, சுவடே இல்லாமல் பேச்சிலிருந்தும் செவியிலிருந்தும் அகலுமா என்ற ஐயம் நீங்கவில்லை.

எனினும் 1872-இல் சிவில் வழக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது மொழியன்று, பச்சை. ரோஜரின் கையில் பச்சை குத்தியிருந்ததாகப் பள்ளித் தோழர் ஒருவர் சாட்சியம் அளித்தார். உரிமை கோரியவர் கையில் அது இல்லை. பின்னர், 188 நாள்கள் நடந்த குற்றவியல் விசாரணை அவரை லண்டன் வாப்பிங்கைச் சேர்ந்த ஆர்தர் ஆர்ட்டன் எனத் தீர்மானித்தது. 1874-இல், பொய்ச் சாட்சியத்துக்காக 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உழைக்கும் மக்களில் பெருந்திரளானோர், மேட்டுக்குடியினர் ஓர் எளியவனின் உரிமையைப் பறித்ததாகவே இத்தீர்ப்பைக் கண்டனர்.

தாயின் ஏற்பு, உடலின் அடையாளம், நாவின் பழக்கம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டபோது, நீதிமன்றம் தாயின் சொல்லை ஏற்கவில்லை. அவரும் 1868-இலேயே இறந்துவிட்டார்.

1968-இல் ஆண் வாரிசின்றிப் பாரனெட் பட்டம் அற்றுப்போனது. 1898-இல் வறுமையில் இறந்த அம்மனிதரின் சவப்பெட்டியிலோ, நீதிமன்றம் மறுத்த அப்பெயரே 'சர்' என்னும் அடைமொழியோடு இடம்பெற்றது. அதற்கு டிச்போர்ன் குடும்பம் தடை சொல்லவில்லை.