அசையாம படு

கடப்பாக்கம் பக்கம் நுரையீரல் கோளாறுன்னு ஆஸ்பத்திரியில் இருந்து யார் திரும்பினாலும், வீட்டில் முதலில் சொல்வது "அசையாம படு" என்பதுதான். வெறும் பாசத்தில் வந்த பேச்சு இல்லை இது. ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக்கொடுத்த சிகிச்சை. அந்தக் கதையில் ஒரு பகுதி நம்ம மாவட்டத்திலேயே நடந்தது.

தாம்பரம் சானடோரியம்னு ஒரு ரயில் நிலையமே இருக்கே, அந்தச் சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சவுரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒன்றை நடத்தினார். கணித மேதை ராமானுஜன் கொஞ்ச காலம் அங்கே நோயாளியாக இருந்திருக்கிறார். காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். உடைந்த கைக்குக் கட்டுப்போடுவது மாதிரி நுரையீரலுக்கும் ஓய்வு வேணும்னு நம்பினார்கள். இதற்காகவே நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தி ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க வைத்ததும் உண்டு. எல்லோரும் இதை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் பிரிம்லியில் மார்க்கஸ் பேட்டர்சன் 1905-லேயே நோயாளிகளை நடக்கவிட்டு, பிறகு கூடை தூக்க வைத்து, கடைசியில் மண்வெட்டியே கொடுத்தார்!

மருந்து வந்த பிறகும் படுக்கை மேல் இருந்த நம்பிக்கை போகவில்லை. அதை அசைத்தது சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் பாக்ஸ் தலைமையிலான குழு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில். மறுபாதி நெரிசலான வீடுகளில், சாப்பாடும் குறைச்சல், ஓய்வும் குறைச்சல். இருவருக்கும் ஒரே மாத்திரைகள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் இது வெளியானதும் உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. உடற்பயிற்சி நல்லதுன்னு இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. மருந்து இருக்கும்போது படுக்கை கட்டாயமில்லைன்னுதான் காட்டியது. ஆனால் அதுவே பெரிய விஷயம்னு நினைக்கிறேன்.

வேடிக்கை என்னன்னா, அதே காலத்தில் பிறந்த ஐ.சி.யூ. பழைய படுக்கைக்கே திரும்பிவிட்டது. வென்டிலேட்டர், மயக்க மருந்து, நாள்கணக்கில் மல்லாந்த கிடை. மல்லாந்து கிடந்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரலின் பின்பகுதி சுருங்கும், சளி தேங்கும். மூச்சை மெஷினே முழுசா இழுத்துக்கொண்டால் உதரவிதானம் சில நாட்களிலேயே மெலிகிறது. அமெரிக்காவில் 104 பேரிடம் நடந்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. வென்டிலேட்டரில் இருக்கும்போதே மயக்கத்தைத் தினமும் நிறுத்தி, உட்கார, நிற்க, நடக்கப் பழக்கியவர்களில் 59 சதவீதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் நிலையில் வீடு திரும்பினார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சுவிட்ட நாட்களும் அவர்களுக்கே அதிகம்.

உடனே எல்லோரையும் எழுப்பி ஓடவிடவும் முடியாது. 2022-ல் 750 பேரிடம் செய்த ஆய்வில், வழக்கமான அளவைவிடக் கூடுதலாக அசைய வைத்ததால் தனிப் பலன் தெரியவில்லை. இதயத்துடிப்பு தாறுமாறாவது, ரத்த அழுத்தம் மாறுவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற தொல்லைகள்தான் கூடின. அந்த ஆய்வில் "வழக்கமான" கவனிப்பு என்பதிலேயே கட்டில் ஓரம் உட்காருவதும் எழுந்து நிற்பதும் சேர்ந்துவிட்டது. அசையாம படுக்கச் சொன்ன குழுவே அதில் இல்லை.